தலைப்புப் பக்கத்தோடு நின்றுவிடாமல்: பல்கலைக்கழக நூலகத்தில் ஓர் ஆய்வேடு எப்படிப் பதிவாகிறது

கருநீல ரெக்சின் அட்டை. முதுகில் தங்க எழுத்தில் ஒரு பெயரும் ஓர் ஆண்டும். பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒட்டிய காகித உறைக்குள் ஒரு சிடி. தமிழ்நாட்டில் எந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் கேட்டலாக் பிரிவுக்குப் போனாலும் மேசை ஓரத்தில் இப்படி நாலைந்து ஆய்வேடுகள் அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். எழுதியவருக்கு அது பல வருட உழைப்பு. பதிவு செய்பவருக்கு, அன்றைக்கு வந்த மற்ற புத்தகங்கள் எல்லாவற்றையும் விட அதிக நேரம் கேட்கும் வேலை. அந்த மேசைக்குப் பின்னால் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இந்த வேலைக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது, அதில் எங்கே தவறு நடக்கிறது, அதனால் யாருக்கு இழப்பு என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

ஒரு நாவலோ பாடநூலோ வந்தால் வேலை சுலபம். உலகத்தில் வேறு ஏதாவது ஒரு நூலகம் அதை ஏற்கெனவே பதிந்திருக்கும். ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டினால், அமெரிக்காவின் பெரிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸிலிருந்தோ வேறு எங்கிருந்தோ முழுப் பதிவையும் இறக்கிக்கொள்ளலாம். கோஹா போன்ற நூலக மென்பொருளில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆய்வேட்டுக்கு ஐஎஸ்பிஎன் கிடையாது. பதிப்பாளர் கிடையாது, விலையும் கிடையாது. பட்டியல் விதிகளின் கண்ணில் அது வெளியிடப்படாத ஒன்று, கையெழுத்துப் பிரதிக்குப் பக்கத்தில் வைத்து எண்ண வேண்டிய பொருள். பல்கலைக்கழகத்துக்கு வெளியே அதற்கு வேறு எங்கும் பதிவு இருக்காது. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் நூலகர்தான் முதல் பதிவை எழுத வேண்டும். அவர் எழுதுவதைத்தான் பிற்பாடு தேசியக் களஞ்சியமும் தேடுபொறிகளும் எடுத்துக்கொள்கின்றன. அவர் ஒரு பெயரைத் தவறாக எழுதிவிட்டால் திருத்த வேறு ஆள் இல்லை.

சரி, ஓர் எடுத்துக்காட்டோடு போவோம். என் மேசைக்கு வந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். பெயரையும் தலைப்பையும் மாற்றியிருக்கிறேன். 'தஞ்சை மாவட்ட ஒப்பாரிப் பாடல்கள்: ஓர் ஆய்வு'. எழுதியவர் ச. மாலதி. 1985-இல் தட்டச்சில் அடித்துச் சமர்ப்பித்தது. துறை அலமாரியில் கிடந்து, பல வருடம் கழித்து நூலகத்துக்கு வந்து சேர்ந்தது.

வந்ததும் முதல் வேலை, சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு எண். நூலகங்களில் எல்லாரும் அக்சஷன் நம்பர் என்றுதான் சொல்வோம். ஆய்வேடுகளுக்குப் பெரும்பாலும் தனி வரிசை இருக்கும். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் முத்திரை, அப்புறம் நடுவில் அந்த நூலகத்தார் மட்டும் அறிந்த ஒரு 'ரகசியப் பக்கத்தில்' இன்னொரு முத்திரை. யாராவது முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் அது யாருடைய பிரதி என்று சொல்ல இந்த ஏற்பாடு. பெரும்பாலான நூலகங்களில் ஆய்வேட்டை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. அலமாரியும் பூட்டியிருக்கும், அங்கேயே உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் கட்டுப்பாட்டின் விளைவை யோசித்துப் பாருங்கள். வாசகர் அலமாரி அலமாரியாக நடந்து கண்ணில் பட்டதை எடுத்துப் புரட்ட முடியாது. பட்டியலில் இருக்கிற சில வரிகளை நம்பித்தான் அவர் சீட்டு எழுதிக் கேட்கிறார். அந்த வரிகளில் இல்லாதது அவரைப் பொறுத்தவரை நூலகத்திலேயே இல்லை.

அடுத்து ஆண்டு. மிகச் சாதாரணமான விஷயம் போலத் தெரியும், ஆனால் இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தலைப்புப் பக்கத்தில் இருப்பது சமர்ப்பித்த மாதம். அதற்குப் பிறகு தேர்வாளர்களுக்குப் போய், அறிக்கை வந்து, திருத்தங்கள் செய்து, வாய்மொழித் தேர்வு முடிந்து, பட்டம் அறிவிக்க ஒரு வருடம் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். மாலதியின் ஆய்வேட்டில் 'டிசம்பர் 1985' என்று இருக்கிறது. பட்டம் கிடைத்தது 1987-இல். பட்டியல் பதிவைக் கணினியில் எழுத உலக நூலகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அமைப்பு மார்க் 21. அதில் ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் எண்ணிட்ட ஓர் இடம் உண்டு, அதைப் புலம் என்போம். ஆய்வேட்டுக்கென்றே ஒரு புலம் உண்டு, எண் 502. என்ன பட்டம், கொடுத்த நிறுவனம் எது, எந்த ஆண்டில் கொடுத்தது என்று மூன்றையும் அதில் தனித்தனியாக எழுத வேண்டும். பட்டம் கிடைத்த ஆண்டு அங்கே போகும். பிரதி உருவான ஆண்டு வேறொரு புலத்துக்குப் போகும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், ஒரே ஆய்வேட்டை ஒருவர் 1985 என்றும் இன்னொருவர் 1987 என்றும் மேற்கோள் காட்டுவார்கள், படிப்பவர் இரண்டு ஆய்வேடுகள் இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

பட்டம் கொடுத்த நிறுவனம் எது என்பதிலும் கவனம் தேவை. தஞ்சைப் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை. 1982-இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தபோது அதன் கீழ் மாறின. கோவைப் பக்கம் அதே ஆண்டு பாரதியார் பல்கலைக்கழகம் வந்தது. இந்த மாற்றத்தின் நடுவில் ஆய்வுக்குப் பதிவு செய்தவர்கள் நிறையப் பேர். படித்த கல்லூரியும் ஊரும் அதேதான், பட்டச் சான்றிதழில் மட்டும் பல்கலைக்கழகம் வேறு. மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கியது, 1978-இல்தான் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. 1975-இல் அங்கே பட்டம் வாங்கியவரின் பதிவில் அன்றைய பெயர் இருக்க வேண்டும். தேடுபவர் இன்றைய பெயரைத் தட்டினாலும் அது கிடைக்க வேண்டும். இதற்காகத்தான் நிறுவனங்களுக்கும் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் இணைக்கும் தனிப் பதிவு வைக்கிறோம்.

பெயர் என்னும் பெரும் சிக்கல்

ஒரு முழு நாளை விழுங்கக் கூடியது எழுதியவர் பெயர்தான். மேற்கத்திய பட்டியல் மரபு குடும்பப் பெயரை முன்னால் வைத்து, காற்புள்ளி போட்டு, சொந்தப் பெயரைப் பின்னால் வைக்கும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஓர் எழுத்தும் ஒரு பெயரும்தான் உண்டு. மென்பொருள் படிவமோ 'கடைசிப் பெயர்', 'முதல் பெயர்' என்று இரண்டு கட்டம் வைத்துக்கொண்டு கேட்கிறது. அவசரத்தில் இருக்கும் ஒருவர் ச. என்பதை ஒரு கட்டத்திலும் மாலதி என்பதை இன்னொன்றிலும் மாற்றிப் போட்டுவிட்டால், மாலதியைத் தேடுபவர் 'ச' வரிசையில் போய்ப் பார்த்தால்தான் கிடைப்பார். யார் அங்கே போய்ப் பார்ப்பார்கள்?

முறையாகச் செய்தால் 'மாலதி, ச.' என்று எழுத வேண்டும். இதற்கு நல்ல முன்னுதாரணம் நம் துறையிலேயே இருக்கிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, உலக நூலகவியலின் பெரும் பெயர்களில் ஒன்றாக ஆனவர் எஸ்.ஆர். ரங்கநாதன். எஸ் என்பது சீர்காழி, அந்தக் காலத்து எழுத்தில் ஷியாளி. ஆர் என்பது தந்தை பெயர் ராமாமிர்தம். ரங்கநாதன் மட்டும்தான் அவருடைய சொந்தப் பெயர். உலகமெங்கும் பட்டியல்களில் அவர் 'ரங்கநாதன், எஸ்.ஆர்.' என்றே சரியாக இருக்கிறார். அவருக்குக் கிடைத்த இந்த மரியாதை ஒவ்வொரு ஆய்வாளருக்கும் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

முன்னெழுத்து இன்னும் தொல்லை கொடுக்கும். தமிழ்த் தலைப்புப் பக்கத்தில் ச. மாலதி. நெறியாளர் ஆங்கிலத்தில் கொடுத்த சான்றிதழில் எஸ். மாலதி. திருமணத்துக்குப் பிறகு வெளியிட்ட கட்டுரைகளில் கணவர் பெயரின் முதல் எழுத்தோடு கு. மாலதி. ஆங்கிலத்தில் எழுதும்போது 'தி' என்ற எழுத்துக்கு எச் சேர்த்தும் எழுதுவார், சேர்க்காமலும் எழுதுவார். மனுஷி ஒருத்திதான், கணினிக்கு ஐந்து பேர்.

மு.வ.வை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948-இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். மு.வ., மு. வரதராசன், மு. வரதராசனார், டாக்டர் மு.வ., ஆங்கிலத்தில் எம். வரதராஜன் என்று அவர் பெயர் எத்தனை விதமாக அச்சாகியிருக்கிறது! ஒரு வடிவத்தைத் தலைமை வடிவமாக வைத்து, பிறந்த ஆண்டு 1912 என்று சேர்த்து, மற்ற வடிவங்கள் எல்லாவற்றிலிருந்தும் அதற்கு வழிகாட்டும் ஏற்பாடுதான் பெயர் ஆதாரக் கோப்பு. பெரிய எழுத்தாளர்களுக்கு அதை லைப்ரரி ஆஃப் காங்கிரஸே செய்துவைத்திருக்கிறது. மாலதிக்கு அதைச் செய்ய அவர் படித்த பல்கலைக்கழகத்தின் நூலகரை விட்டால் ஆள் இல்லை. இப்போது ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் வந்திருக்கிறது. 2012-இல் தொடங்கிய ஏற்பாடு அது. இன்றைய ஆய்வாளர்கள் அதை வாங்கி ஆய்வேட்டில் குறித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். 1985-இல் எழுதியவருக்கு அந்த வசதி ஏது?

நெறியாளர் பெயரையும் தேடக்கூடிய ஒரு நுழைவாகச் சேர்க்க வேண்டும். சில நூலகங்களில் அதைக் குறிப்பு வரியில் எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள், தேட முடியாது. முறையாகச் சேர்த்துவிட்டால் ஒரே சொடுக்கில், ஒரு பேராசிரியரிடம் ஆய்வு செய்த அத்தனை பேரும் வரிசையாக வந்து நிற்பார்கள். அவர்களில் சிலரே பின்னாளில் நெறியாளராகி, அவர்களுடைய மாணவர்களும் அடுத்த வரிசையில் வருவார்கள். ஒரு துறையில் ஒரு சிந்தனை எப்படிக் கைமாறி வந்தது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் ஆவணம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

தலைப்பும் எழுத்தும்

தலைப்பை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும் என்பது விதி. எந்த இடத்தில் உள்ளபடி? அட்டையில் ஒரு தலைப்பு இருக்கும், முதுகில் சுருக்கிய வடிவம் இருக்கும், சான்றிதழில் ஆய்வுக்குப் பதிவு செய்தபோது இருந்த பழைய தலைப்பு இருக்கும். தலைப்புப் பக்கமே முதன்மை. அதில் எழுத்துப்பிழை இருந்தாலும் இன்றைய விதிப்படி அப்படியே எடுத்தெழுதி, திருத்திய வடிவத்தை மாற்றுத் தலைப்புக்கான புலத்தில் கொடுக்கிறோம். 'ஒப்பாறி' என்று தட்டச்சாகியிருந்தால் அதுவும் பதிவில் இருக்கும், 'ஒப்பாரி' என்று தேடுபவருக்கும் கிடைக்கும்.

தமிழ் ஆய்வேட்டுக்குக் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. பல நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிந்துவைத்திருக்கின்றன. கணினி வந்த புதிதில் தமிழில் தட்ட வழியில்லாததால் தொடங்கிய பழக்கம் இது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பின்பற்றும் ஒலிபெயர்ப்பு முறையில் ழகரத்துக்கு எல் எழுத்தின் கீழே கோடு, ளகரத்துக்குக் கீழே புள்ளி, றகரத்துக்கும் னகரத்துக்கும் கீழே கோடு, நெடிலுக்கு மேலே கோடு என்று எல்லாம் வரையறுத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதைக் கடைப்பிடிப்பவர்கள் குறைவு. காதுக்குப் பட்டபடி எழுதுகிறோம். 'ஆய்வு' என்ற மூன்றெழுத்துச் சொல்லையே ஒரு ஏ போட்டு, இரண்டு ஏ போட்டு, ஒய் போட்டு, ஐ போட்டு என்று பல விதமாகப் பார்த்திருக்கிறேன். தேடுபவர் பதிந்தவரின் மனத்தில் இருந்த எழுத்தை ஊகித்தால்தான் ஆய்வேடு கிடைக்கும். மார்க் அமைப்பில் 880 என்றொரு புலம் இதற்காகவே இருக்கிறது. ஆங்கில எழுத்து வடிவத்தோடு மூல எழுத்து வடிவத்தையும் இணைத்து வைக்கலாம். யூனிகோடு இருக்கிற இந்தக் காலத்தில் தமிழ்த் தலைப்பைத் தமிழில் பதியாமல் விட எந்தக் காரணமும் இல்லை.

'இப்போதுதான் முழு ஆய்வேடும் பிடிஎஃப் ஆக இணையத்தில் இருக்கிறதே, உள்ளே தேடினால் போதாதா?' என்று சில ஆய்வாளர்கள் கேட்பார்கள். ஆங்கில ஆய்வேட்டுக்கு ஓரளவு போதும். தமிழுக்குப் போதாது. 1990-களிலும் 2000-களிலும் தமிழ் ஆய்வேடுகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டன. அவை திரையில் தமிழாகத் தெரியும். கணினியின் நினைவில் இருப்பது ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, இவ்வளவுதான். அந்தக் கோப்பில் தமிழ் என்று தேடினால் ஒரு முறை கூட அகப்படாது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முன்னால் வந்தவை பெரும்பாலும் இந்த நிலையில்தான். அதற்கும் முந்தைய தட்டச்சு ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். அவை வெறும் படங்கள். ஆக, இப்படிப்பட்ட ஒரு தமிழ் ஆய்வேட்டை இணையத்தில் கண்டுபிடிக்க இன்றும் பட்டியல் பதிவை விட்டால் வழி கிடையாது.

இனி பொருள். மாலதியின் ஒப்பாரி ஆய்வை எங்கே வைப்பது? நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூவி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. நாட்டார் வழக்காற்றியலுக்கு 398. இறப்புச் சடங்குகளுக்கு 393. வாய்ப்பாட்டு என்று பார்த்தால் 782. நான்கும் நியாயம்தான். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை இப்படி ஒரு பொருளின் பல முகங்களைப் பிரித்து எழுதிப் பிறகு கோத்துக்கொள்ள வழி செய்கிறது. தமிழுக்கு அதில் 31 என்ற எண். எந்த முறையானாலும் அடுக்கில் ஒரு பிரதிக்கு ஓர் இடம்தானே இருக்க முடியும். பூட்டிய அலமாரி என்பதால் பல நூலகங்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஆய்வேடுகளைச் சேர்க்கை எண் வரிசையில் அடுக்கிவிடுகின்றன. அதில் தவறில்லை என்றே சொல்வேன். ஆனால் அப்படிச் செய்கிற நூலகத்துக்குப் பொருள் தலைப்பு, அதாவது ஆய்வேடு எதைப் பற்றியது என்று சொல்லும் தேடுசொல், எழுதுகிற கடமை இரட்டிப்பாகிறது.

அங்கேதான் நாம் சோம்பிவிடுகிறோம். 'தமிழ் இலக்கியம், வரலாறும் திறனாய்வும்' என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் நூற்றுக்கணக்கான ஆய்வேடுகளைக் கொட்டிவைத்திருக்கும் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். விதியை மீறிய பதிவு என்று யாரும் சொல்ல முடியாது. தேடி வருபவருக்கோ அதனால் எந்தப் பயனும் இல்லை. அமெரிக்காவில் உருவான பொருள் தலைப்புப் பட்டியல்களில் கும்மி, ஒப்பாரி, திணை, கரகம் போன்றவற்றுக்கு நாம் நினைக்கிற நுணுக்கத்தில் தலைப்பு கிடைப்பது அரிது. அதனால் பொதுத் தலைப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஆய்வாளர் பயன்படுத்திய சொற்களையே குறிச்சொற்களாகத் தமிழில் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒப்பாரி, இழவுப் பாட்டு, பிலாக்கணம், மாரடிப் பாட்டு என்று ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்களையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

ஊர்ப் பெயரிலும் காலம் விளையாடும். 1985-இல் 'தஞ்சை மாவட்டம்' என்றால் இன்றைய தஞ்சாவூர் மட்டும் இல்லை. 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர், 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை. மாலதி பாடல் சேகரித்த ஊர்கள் இன்று நான்கு மாவட்டங்களில் இருக்கின்றன. 'திருவாரூர் மாவட்டம், நாட்டுப்புறப் பாடல்' என்று இன்று தேடுகிற மாணவிக்கு இந்த ஆய்வேடு கிடைக்காது, பதிபவர் உள்ளே திறந்து களப்பணி ஊர்களைப் பார்த்துச் சேர்க்காவிட்டால்.

மார்க் பதிவில் இன்னொரு சின்ன இடம், பெரும்பாலும் காலியாக விடப்படுவது: 008 புலத்தில் 'எம்' என்ற ஒற்றை எழுத்து. இது ஆய்வேடு என்று கணினிக்குச் சொல்லும் குறியீடு. அதைப் போட்டிருந்தால்தான் 'ஆய்வேடுகளை மட்டும் காட்டு' என்று வடிகட்ட முடியும். ஒரு விசை அழுத்தம்தான், ஆனால் பதிவு வேலை முடிந்து பத்து வருடம் கழித்து அறிக்கை எடுக்க உட்காரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

கங்கையில் கலப்பது

காகிதப் பிரதியோடு முடிந்துகொண்டிருந்த வேலை 2009-க்குப் பிறகு மாறியது. அந்த ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த முனைவர் பட்ட விதிமுறைகள் ஆய்வேட்டின் மின்பிரதியைக் கொடுக்கச் சொன்னது. அவற்றைப் பெற்றுவைக்கும் இடம் சோத்கங்கா. சோத் என்றால் ஆய்வு. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. 2016 விதிமுறை இன்னும் ஒரு படி மேலே போய், பட்டத்தை அறிவிப்பதற்கு முன்பே மின்பிரதி இன்ஃப்ளிப்நெட்டுக்குப் போய்விட வேண்டும் என்றது. அதுவரை ஆய்வேட்டைக் கடைசியாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த நூலகம், பட்டத்துக்கு முந்தைய வாசலுக்கு வந்துவிட்டது. 2018-இல் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள் வந்ததும், ஒப்புமை சோதிக்கும் வேலையும் பெரும்பாலும் நூலகரின் தலையில் ஏறியது.

சோத்கங்காவில் ஓர் ஆய்வேட்டைத் திறந்து பாருங்கள். டிஸ்பேஸ் என்ற திறமூல மென்பொருளில் இயங்குவது அது. தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், குறிச்சொற்கள், பல்கலைக்கழகம், துறை, மொழி, முடித்த தேதி என்று ஒரு பக்கம். அதன் கீழே ஆய்வேடு இயல் இயலாகப் பிரித்துப் பல பிடிஎஃப் கோப்புகளாக இருக்கும். ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் மாறாத இணைய முகவரி ஒன்று உண்டு. சர்வர் மாறினாலும் அந்த முகவரி வேலை செய்யும், ஆகவே மேற்கோள் காட்டும்போது அதைக் கொடுப்பதுதான் நல்லது. உள்ளூர்ப் பட்டியலில் இருக்கும் மார்க் பதிவின் 856 புலத்தில் இந்த முகவரியைப் போட்டுவிட்டால், நூலகத் தளத்தில் தேடுபவர் நேரே முழு ஆய்வேட்டுக்குப் போய்விடலாம். பதிவேற்றுவது ஒருவர், பட்டியல் எழுதுவது இன்னொருவர் என்று இருக்கும் நூலகங்களில் இந்த இணைப்பு விட்டுப்போகிறது. ஒரே ஆய்வேடு அங்கே ஒரு பெயரிலும் இங்கே ஒரு பெயரிலும் இருந்து, இரண்டும் ஒன்றையொன்று அறியாமலே இருக்கின்றன.

வெளிநாடுகளிலும் ஏறக்குறைய இதே பாதைதான். அமெரிக்காவில் 1938-இல் தொடங்கிய யூனிவர்சிட்டி மைக்ரோஃபில்ம்ஸ் நிறுவனம் ஆய்வேடுகளை நுண்படச் சுருளில் எடுத்துப் பாதுகாத்தது. அதன் வாரிசுதான் இன்றைய புரோக்வெஸ்ட். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1997-இல் மின்னணு ஆய்வேட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டிஷ் நூலகம் நடத்திய ஈத்தோஸ் சேவை அந்த நாட்டு ஆய்வேடுகளுக்கு ஒரே வாசலாக இருந்தது. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மேல் நடந்த இணையத் தாக்குதலில் அது செயலிழந்தது. மூலப் பிரதிகளையும் பதிவுகளையும் தங்களிடமே வைத்திருந்த பல்கலைக்கழகங்கள் தங்கள் வாசகர்களுக்குத் தொடர்ந்து கொடுக்க முடிந்தது. மத்தியக் களஞ்சியம் இருக்கிறதே என்று உள்ளூர்ப் பட்டியலை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு எங்களுக்குள் இதைத்தான் சொல்லிக்கொள்வோம்.

சோத்கங்கா முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கானது. எம்.ஃபில். ஆய்வேடுகள்? ஆய்வியல் நிறைஞர் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் விதிமுறையில் நிறுத்திவிட்டது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டின் கல்லூரித் துறைகளில் எழுதப்பட்ட எம்.ஃபில். ஆய்வேடுகளின் எண்ணிக்கையைச் சொல்லி முடியாது. அவற்றில் பெரும்பகுதி நூலகத்துக்கு வரவே இல்லை. துறை அலமாரியில் அடுக்கி, அலமாரி நிறைந்ததும் மேலே ஏற்றி, வெள்ளையடிக்கும்போது மூட்டை கட்டி என்று போயின. சுருள் பைண்டிங் போட்ட நூறு பக்க ஏடு, ஒரு வருட வேலைதானே என்ற எண்ணம். இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற இடம். தமிழ்த்துறை எம்.ஃபில். மாணவர்களில் பலர் தங்கள் சொந்த ஊரையே களமாக எடுத்தவர்கள். பாட்டியிடமும் பக்கத்து வீட்டு அம்மாவிடமும் உட்கார்ந்து பாட்டும் கதையும் பழமொழியும் எழுதிக்கொண்டவர்கள். அந்தப் பாட்டிகளில் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்கள் பாடியது அந்தச் சுருள் பைண்டிங்குக்குள் இருக்கிறது. முழுப் பதிவுக்கு ஆள் இல்லை என்றால் எழுதியவர், தலைப்பு, ஆண்டு, கல்லூரி, களப்பணி ஊர் என்று ஐந்தே வரி போதும். ஒரு கோடை விடுமுறையில் நூலக அறிவியல் மாணவர்கள் நான்கு பேரை உட்காரவைத்தால் ஒரு துறை அலமாரி முடிந்துவிடும்.

இங்கேதான் மாலதியின் ஆய்வேட்டுக்குத் திரும்ப வேண்டும். நான் அதைப் பதிந்தபோது விதிகள் கேட்ட அனைத்தையும் எழுதினேன். பெயர் சரி, இரண்டு ஆண்டுகளும் சரி, 502 சரி, நூற்பட்டியல் இருக்கிறது என்ற 504 குறிப்பும் சரி. சில மாதங்களுக்குப் பிறகு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி வந்தார். தன் ஊரில் பாடப்பட்ட ஒப்பாரிகள் எங்காவது எழுத்தில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். கணினியில் ஊர்ப் பெயரைத் தட்டினார், ஒன்றும் வரவில்லை. இல்லை போலிருக்கிறது என்று கிளம்பப் பார்த்தவரை நிறுத்தி, எதற்கும் பார்ப்போம் என்று அந்தக் கருநீல அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் இயல்களைப் படிக்கவே இல்லை. நேரே கடைசிக்குப் போனார். பின்னிணைப்பில் பாடல்கள் முழுவதுமாக இருந்தன. அதற்கு அடுத்துத் தகவலாளர் பட்டியல், பாடியவர் பெயர், வயது, ஊர், பாடிய நாள். விரலை வைத்து வரி வரியாக இறங்கி வந்தவர் ஓரிடத்தில் நின்று, 'சார், இது எங்க தெரு' என்றார்.

தலைப்புப் பக்கம், சான்றிதழ், பொருளடக்கம், நூற்பட்டியல் என்று நான் பார்த்திருந்தேன். பின்னிணைப்பைப் பார்க்கவில்லை. விதி அதைக் கேட்கவும் இல்லை.

அன்று மாலை பதிவைத் திறந்து பொதுக் குறிப்புக்கான 500 புலத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'பின்னிணைப்பில் களப்பணியில் சேகரித்த ஒப்பாரிப் பாடல்களின் முழு வடிவமும், பாடியவர்களின் பெயர், வயது, ஊர் விவரமும் உள்ளன.' அதன் கீழே தகவலாளர் பட்டியலில் இருந்த ஊர்களை ஒவ்வொன்றாகத் தமிழில் அடித்தேன். மறுநாள் காலையில் அதே அலமாரியிலிருந்து அடுத்த ஆய்வேட்டை எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தேன்.